ஒரே ஒரு பங்கின் சொந்தக்காரி

கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கருவியைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்த ஊரில் வந்து பதிவு செய்துகொண்டது. உள்ளூரில் ஒரு டைரக்டர் வேண்டுமென்று, எங்கேயோ கணக்கெழுதிக்கொண்டிருந்த நம் ஆளைப் பிடித்து டைரக்டராக்கினார்கள். ஆக்கினார்களே தவிர, அவருக்குக் கீழே ஆள் போடவில்லை. விற்பதும் அவர், வரி கட்டுவதும் அவர், பெட்டி இறக்குவதும் அவர். ஆபீஸ், அவர் வீட்டு முன்னறை.

சட்டப்படி பங்குதாரர் இரண்டு பேராவது இருக்க வேண்டுமாம். ஒரே ஒரு பங்கை உள்ளூர் ஆள் பெயரில் போடச் சொன்னார்கள். அவர் சமையலறைக்குப் போய் மனைவியிடம், "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்றார். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். அதோடு இருவரும் அதை மறந்துவிட்டார்கள்.

வினை வருஷக் கடைசியில் வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த அன்றுதான் கடைசி நாள். உள்ளூர்ப் பங்குதாரர் நேரில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். தவறினால் பதிவு போய்விடும். ஐம்பது வயதில் டைரக்டர் மறுபடி வேலை தேட வேண்டும்.

வீட்டம்மா அன்றைக்கென்று பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாதிரிக்காக வாசல் கதவில் மாட்டியிருந்த கருவி, இரண்டு கையிலும் பையோடு வந்தவளின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திவிட்டது. அவள் காலால் தட்டியது உள்ளே கேட்கவில்லை. உள்ளே அவர் அதே கருவியின் பெருமையை ஃபோனில் அளந்துகொண்டிருந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் வந்து உட்காரேன். சும்மா தலையாட்டினா போதும்."

"நான் எதுக்கு?"

"நீதானே பங்குதாரர். கம்பெனியில ஒரு துளி உனக்குச் சொந்தம்."

"அப்போ நீங்க?"

"நான்... சம்பளத்துக்கு இருக்கிறவன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவள் முகம் கழுவி, தலைவாரி, நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் வெளிநாட்டு முதலாளி தெரிந்தார். அவர் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் மொழிபெயர்க்க டைரக்டர்தான். பங்குதாரருக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று முதலாளி ஒப்புக்குக் கேட்டார்.

"ஏன் இல்ல? கம்பெனி வந்ததுலேர்ந்து இந்த மனுஷன் வீட்லயேதான் இருக்கார், ஆனா வீட்ல இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா ஃபோன். தூக்கத்துலகூட 'யெஸ் சார்'. வீட்டுக்காரரைக் காணோம்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கருவி பிரமாதம் என்கிறார் என்று டைரக்டர் மொழிபெயர்த்தார். பாராட்டுவதற்கு ஏன் இத்தனை கோபம் என்று முதலாளி கேட்டார்.

"நான் மூச்சு விடாம பேசினேன், நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க. மிச்சம் எங்கே?" என்றாள் அவள்.

இனித் தப்ப வழியில்லை. கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஒன்று விடாமல் சொன்னார். அவள் இத்தனை நாளும் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்பது, தன் வாயால் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. பாவி மனுஷன், அதுவரை கவனிக்கவே இல்லை.

வேலை போயிற்று என்று டைரக்டர் முடிவே கட்டிவிட்டார்.

"இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள்" என்றார் முதலாளி.

கேட்டதும் அவள், "ஆமா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸை மூடணும்" என்றாள்.

மீதிப் பங்குகள் அத்தனைக்கும் உள்ள ஓட்டை முதலாளி அவள் பக்கம் போட்டார். தன் வீட்டில் ஒருத்தி பங்கே இல்லாமல் இதைத்தான் தினமும் சொல்கிறாள் என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டைரக்டர் தன் கையாலேயே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறரைக்கு ஃபோன் அடித்தது. தலைமை அலுவலகம்தான், பழக்கதோஷம். அவர் கை தானாக நீண்டது.

"டைரக்டர் சார், பங்குதாரர் பார்த்துட்டு இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவர் எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்னறையில் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.