ஏழாவது வரி

அந்த இரண்டு விரல்களை என்னால் மறக்க முடியவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நகக்கண்ணில் நீல மை. மைதானத்தின் நடுவில் பந்தோடு நின்ற பிட்சர் பெண், எங்கள் ஸ்கோரர் மேசைப் பக்கம் திரும்பி, 'எத்தனை அவுட்?' என்று சைகையில் கேட்டாள். கேட்டது மகள், விரல் காட்டியது அம்மா. அந்த நேரத்தில் அந்த அம்மா ஒரு புருவத்தை உயர்த்தியிருந்தால் போதும், எங்கள் அணி மூட்டையைக் கட்டியிருக்கும்.

எங்கள் கடலோரக் குடியிருப்பின் சிறுமியர் பேஸ்பால் அணிக்கு நான் ஸ்கோரர் ஆனது திறமையால் அல்ல. பெற்றோர் கூட்டத்தில் நான் கொட்டாவி விட்டதை கோச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த அணியில் ஆடிய என் மகள் இப்போது பொத்தேரியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மட்டையைத் தொட்டே வருஷமாகிறது. நான் மட்டும் இன்னும் அந்த மேசையை விடவில்லை. அதற்குக் காரணம் அந்த இரண்டு விரல்களைக் காட்டிய மேடம்தான்.

செங்கல்பட்டு மைதானத்தில் அன்றைக்கு ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். எதிரணி சிங்கப்பெருமாள் கோயில். மேடம் அவர்களுடைய ஸ்கோரர். தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. ஆட்டம் தொடங்கும் முன்பே எனக்கு வகுப்பெடுத்துவிட்டார்.

"சார், வரிசை மாறி யாராவது பேட்டிங் வந்தாகூட நாம வாயத் தொறக்கக் கூடாது. கண்டுபுடிச்சிக் கேக்க வேண்டியது எதிர் டீமு. நமக்குக் கண்ணு கீது, கை கீது. வாய் கெடையாது."

"எங்க வீட்லயும் எனக்கு அதே ரூல்தான் மேடம்" என்றேன். சிரித்தார். பேனா மட்டும் நிற்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ் வரை சமநிலை. எங்கள் பேட்டிங், இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் முடிந்தது; பாதிச் சுற்று ஓடி இரண்டாம் பேஸில் எங்கள் பெண் ஒருத்தி. அடுத்து வரவேண்டியவள் வரிசையில் ஏழாவது. எங்கள் அணிக்கு மொத்தமே மூன்று ஹெல்மெட். அவளுடைய மடித்துக் கட்டிய இரட்டைச் சடை அதற்குள் நுழைய மறுத்தது. அவள் ரிப்பனோடு மல்லுக்கட்டும்போது அம்பயர் சத்தம் போட்டார். யார் தலையில் ஹெல்மெட் ஏறுகிறதோ அவள் போவாள் என்பது எங்கள் அணியின் எழுதாத சட்டம். எட்டாவதாகப் போகவேண்டிய என் மகள் போய்விட்டாள். போனவள் சும்மா திரும்பியிருக்கக் கூடாதா? ஓங்கி அடித்தாள். இரண்டாம் பேஸிலிருந்தவள் ஓடிவந்து ரன் எடுத்தாள். எங்கள் கோச் ஆடிய ஆட்டத்தில் வரிசையாவது ஒன்றாவது.

அடுத்த பந்து வீசுவதற்குள் எதிரணி கேட்டுவிட்டால் அந்த ரன் போச்சு. வீசிவிட்டால் எல்லாம் செல்லும். ஒன்றும் நடக்காததுபோல் விசிலடிக்கப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. பாட்டிலை மூடியோடு வாயில் கவிழ்த்தேன். இதற்கிடையே என் பென்சில் அந்த அடியை ஏழாவது வரியில், சடைக்காரி பெயரில் எழுதிவிட்டது. திருட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். திருட்டுக்கு நிதானம் வேண்டும். எனக்கு அது கிடையாது.

மேடம் என் மகளின் முதுகு எண்ணைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். மறுபடி முதுகைப் பார்த்தார். தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர் மகள் திரும்பிக் கேட்டாள். மேடம் இரண்டு விரல்களைக் காட்டினார். அவள் பந்தை வீசினாள்.

பிறகு அவர்கள் பேட்டிங்கில் ரன் ஏதும் வரவில்லை; அந்த ஒரு ரன்னில் தோற்றார்கள். சடைக்காரி தன் ரிப்பன் கதையை ஊருக்கே சொல்லிச் சிரித்தது அவர்கள் கோச் காதில் விழுந்தது. பாய்ந்து வந்தார்.

"இன்னாமா இது? எட்டாம் நம்பர் ஏழாவதா வந்துகீது, பாத்துகினு குந்தினு இருந்தியா? பால் போட்டது நீ பெத்த பொண்ணுமா!"

"பாத்தேன் சார். நீங்க கேட்டிருந்தா நோட்டக் காட்டிருப்பேன்."

அவர் பின்னால் மகள் கிளவுஸால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்கு ஒரு சிக்னல் குடுத்திருக்கலாம்ல மா?"

"குடுத்தேனே. ரெண்டு அவுட்டுன்னு."

அவள் வேனைப் பார்த்து நடந்தாள். மேடம் அவள் போகிற பக்கமே பார்த்தார். பின்தொடர்ந்து ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடாமல் ஸ்கோரர் எழுந்து போகக் கூடாது. என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. நான் அவசரமாக நாலைந்து பொய்களைத் தயார் செய்தேன்.

"சார், அடிச்சது உங்க பொண்ணு. ஏன் வேற பொண்ணு பேர்ல எழுதிகீறீங்க?"

தயார் செய்த பொய் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ரன்னைக் காப்பாற்றுகிறேன் என்று, என் மகள் அந்த சீசனில் அடித்த ஒரே அடியை நானே அவளிடமிருந்து பிடுங்கியிருந்தேன்.

"அவ அடிச்சது அவ வரியில இருக்கட்டும் சார். அழிச்சிட்டு எழுதுங்க."

நான் அழித்து, எட்டாவது வரியில் எழுதி முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். இரண்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் மகள் இருந்த வேனை நோக்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார்.