கடைசிப் பெயர்

எங்கள் நூல் கம்பெனிக்கு மெயில் வசதி வந்தபோது தலைவலியும் சேர்ந்தே வந்தது. மதுரை அம்மனின் பெயரை வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் நாங்கள் நான்கு பெண்கள். அதில் ஒருவரான, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அக்காதான் எல்லாருக்கும் மெயில் ஐடி போட உட்கார்ந்தார். திரையில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? முன்னால் ஓர் இனிஷியல், அதோடு சரி. அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்வதோடு வேலை முடிந்தது.

நான்கு பேரில் இளையவள், வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வருபவள். அவள் முறை வந்ததும் அப்பா பெயரைச் சொல்லாமல் நின்றாள். அவர் இவர்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் தேடிப் போனவர் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

"ஒத்த எழுத்தா இருந்த வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்க்கா. இனி அனுப்புற மெயில்லயெல்லாம் அந்தாளு பேரு முழுசா நிக்கணுமா?" என்றாள்.

அக்கா ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் துருவித் துருவிக் கேட்டிருப்பேன். "செத்த இரு, வாரேன்" என்று எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். ஒரே பெயரில் நான்கு பேர், அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று, மெயில் ஆள் மாறிப் போகும், எல்லாருக்கும் ஊர்ப் பெயரைப் போட்டால் குழப்பமில்லை என்றார். மேனேஜர் தலையாட்டிவிட்டார். சொன்னதில் ஒரு பொய் இல்லை. அவளைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மதியத்துக்குள் நான் தல்லாகுளம் ஆனேன். அவள் சோழவந்தான் ஆனாள். திரையைப் பார்த்துவிட்டு, வெற்றிலைக் கட்டுக்கு விலாசம் எழுதியது போல இருக்கிறது என்று சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். அந்தக் கட்டத்துக்கென்றே அளவெடுத்தது போல் ஒரு குடும்பப் பெயர் எங்களில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. முதலிலேயே அதைப் போட்டும் வைத்திருந்தார். சாயங்காலம் அதை அழித்துவிட்டு, 'பசுமலை' என்று அடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"நாம எல்லாரும் ஊருப் பேருல இருந்தாத்தான், அவகிட்ட யாரும் ஏன்னு கேக்க மாட்டாக" என்றார்.