பதூர் போட்ட புகை

எங்கள் ஓம்துர்மான் நகரத்துத் தெருவில் எந்த வீட்டில் புருஷனும் மனைவியும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். வேலமரக் கட்டையைக் குழியில் எரித்து, போர்வை போர்த்தி அதன்மேல் உட்கார்ந்து உடம்புக்கு மணப்புகை பிடிப்பது, புருஷனோடு சேரும் நாளில் கல்யாணமான பெண்களின் வழக்கம். அந்த மாதம் பதூர் வீட்டிலிருந்து தினமும் புகை வந்தது.

"என்னடி, புதுப்பொண்ணு கெட்டா!" என்று தெருவே கேலி பேசியது. பதூர் சிரித்து வைப்பாள். அவள் புருஷன் தூம், மீன்காரன், எலுமிச்சையும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு முற்றத்தில் தனியாகப் படுப்பது பக்கத்து வீட்டுக்காரியான எனக்கல்லவா தெரியும்!

பல் வீக்கத்துக்கு மாத்திரை தின்றதிலிருந்து அவளுக்குக் கீழே அரிப்பு. திரிந்த பால் போல வெள்ளை. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். தான் அசுத்தமாகிவிட்டோம் என்று அவளாகவே முடிவுகட்டிப் புகை பிடித்தாள். இன்னும் எரிந்தது. இன்னும் பிடித்தாள், பைத்தியக்காரி! தூம் கிட்டே வந்தால் விலகிப் போவாள். காரணம் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் நடை கோணியதைப் பார்த்து, என்னவென்று கேட்டு, மருத்துவச்சி நஃபீசாவிடம் இழுத்துப் போனேன். பதூர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, நான் தப்பானவ இல்லக்கா."

"யாருடி சொன்னா உன்னை?" நஃபீசா பரிசோதித்தாள். "இது பூஞ்சை. பல்லுக்குத் தின்ன மாத்திரை நல்ல கிருமியையும் கொன்னுடுச்சு, இது பெருகிடுச்சு. படுக்கும்போது இந்த மாத்திரைய உள்ள வெச்சுக்க. அரிப்பு நின்னாலும் பாதில விடாத. புகை, வாசன சோப்பு, உள்ள கழுவறது எல்லாம் வேணாம். திரும்பத் திரும்ப வந்தா வா, சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்."

"புகை நின்னா தெருவுல என்ன பேசுவாங்க?"

"தெருவுக்காடி அரிக்குது?"

அன்று மாலை பதூர் குழியை மூடினாள். தூம் வந்ததும், தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாளாம்:

"எனக்குக் கீழ நோவு. அதான் கிட்ட வரல. வைத்தியம் பண்றேன்."

அவன் கேட்டானாம்:

"அப்போ மீன் வாடைக்காக இல்லியா?"

"என்ன மீன் வாடை?"

"என் வாடை தாங்காமத்தான் நீ தினம் புகை போடறேன்னு நெனச்சேன் புள்ள."

அவன் கைகளை அப்போதுதான் பார்த்தாளாம். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது.