வெளுத்த படங்கள்

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்த ஆரோக்கியராஜின் மகள் வினோதினி, நர்ஸுக்குப் படித்தவள். ஜெர்மனி வேலைக்காக ஒன்றரை வருடம் ஜெர்மன் படித்துத் தேறினாள். கடைசியில் போட்டோ காலை வாரிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளும் இதுவும் வேறு வேறு என்று விசா ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலைக்குள் புதுப் படம் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

படம் எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோ தட்சணாமூர்த்தியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கல்யாணமோ கருமாதியோ, அவர் கையில் கருப்பாக வெளியே வந்தவர் ஊரில் ஒருவருமில்லை. கம்ப்யூட்டரில் அவர் வெளுத்துக் கொடுத்த முகத்தைப் பார்த்து அவளும்தானே பூரித்தாள். அந்த வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

ஆன்லைனில் பாடம் நடத்திய எஸ்தரிடம் புலம்பினாள். எஸ்தர் ஹாம்பர்க்கில் பிறந்த கருப்பினப் பெண். "நீங்கள் எந்த நாடு?" என்று முதல் வகுப்பில் கேட்டு வினோதினியே அசடு வழிந்திருக்கிறாள். ஆப்பிரிக்காவின் கேமரூன் ஜெர்மனியின் காலனியாக இருந்தபோது எஸ்தரின் கொள்ளுத்தாத்தா அங்கிருந்து கப்பலேறி வந்தாராம். நாலு தலைமுறையாக ஜெர்மனியில்தான்.

எஸ்தர் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஹிட்லர் காலத்துப் பள்ளிக்கூடப் படம். முன்வரிசையில் ஒரு பையனின் முகத்தை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். கீழே அரைக்கால் சட்டையும் முழங்காலும் மிச்சம். 'என் தாத்தா. அப்படி ஒரு பையன் இங்கே படிக்கவே இல்லை என்றார்கள்' என்று எழுதியிருந்தாள்.

வினோதினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் பறந்தாள். படம் எடுத்ததும் தட்சணாமூர்த்தியின் கை பழக்கதோஷத்தில் மவுஸுக்குப் போனது.

"கைய எடுங்கண்ணே. மூஞ்ச வெளுக்காதீங்க."

"வெள்ளக்காரன் ஊருக்குப் போற பொண்ணும்மா நீ. பாத்தா மதிக்க வேணாமா?"

"அங்கயும் நூறு வருஷத்துக்கு மேல கருப்பா ஆளுங்க இருக்காங்கண்ணே. அவங்க மூஞ்சத்தான் இல்லாம ஆக்கிட்டாங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

படம் கைக்கு வந்தும் அவளுக்குக் கிளம்பத் தோன்றவில்லை. போன வருடம் இறந்த அப்பாவின் படம் வீட்டில் மாலையோடு தொங்குகிறது. ஆயுசுக்கும் அவர் இந்த ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது அந்த ஒரே படம். நாற்பது வருடம் வெயிலில் உப்பு வாரிய மனிதர், அதில் பவுடர் அப்பிய மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். சொந்தக்காரர்களே யார் என்று கேட்டார்கள்.

"அப்பா படத்தையும் பழையபடி மாத்திக் குடுங்கண்ணே. அவரு எப்படி இருந்தாரோ அப்படியே."

தட்சணாமூர்த்தி கம்ப்யூட்டரில் வெகுநேரம் தேடினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வெளுத்தது மட்டும்தாம்மா இருக்குது. மொதல்ல எடுத்தத அழிச்சிட்டேன்."