இல்லாவிட்டால் என்ற பக்கம்

ஷெல் என்றால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கூரையில் விழும் குண்டு. நான் தொழில் பார்த்ததோ கணினிக்குக் கட்டளை கொடுக்கும் இன்னொரு ஷெல்லோடு. ‘இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று அதற்கு நிபந்தனை எழுதி அடிபட்டவர்களுக்கு என் பாடு விளங்கும். எண்பத்தேழில் சண்டையால் எங்கள் கணினி வகுப்பு நின்றுபோனது. நானும் என்னோடு படிப்பித்த யோகன் அண்ணையும் ஜெனரேற்றரை ஓடவிட்டு, அகதி முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றினோம். உறவுகளைத் தொலைத்தவர்கள் தேடி வந்தார்கள்.

ஓர் இடைவெளி

மயிலிட்டி மீனவர் அந்தோனி மனைவியின் பெயரைச் சொன்னார். ஷெல்லடிக்குள் ஆளுக்கொரு பக்கம் ஓடியவர்கள். திரையில் ‘இல்லை’ என்று வந்தது. அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அதற்கு மேலே ஒரு பிழைச்செய்தி கிடந்ததை அப்போதுதான் கண்டேன். நிபந்தனையைத் தொடங்கும் சதுர அடைப்புக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி வேண்டும், நான் விடவில்லை. நிபந்தனை விளங்காத ஷெல் தன்பாட்டில் ‘இல்லாவிட்டால்’ பக்கம் போயிருந்தது. இடைவெளி விட்டுத் திரும்ப ஓட்டினேன். மனைவி கொழும்புத்துறைத் தேவாலயத்தில் இருந்தார். அன்று ‘இல்லை’ கேட்டுப் போன மற்ற நாலு பேரையும் தேடி யோகன் அண்ணை ஓடினார். அந்தோனி சைக்கிளில் ஏறும்போது சொன்னார்: “பிள்ளை, நான் அவளின்ரை ஆத்துமாவுக்குச் செபம் சொல்லத் தொடங்கிட்டன்.”

வெறும் பெயர்

சண்டிலிப்பாயிலிருந்து வந்த அம்மா மகனைத் தேடினார். வரிசையில் யார் காதுகொடுக்கிறார்களோ என்ற பயத்தில் பெயரைச் சொல்லவில்லை. காத்திருந்த நான் வெறுமனே பொத்தானைத் தட்ட, கட்டளைகளை அடுக்கி நான் எழுதிய ஸ்கிரிப்ட் நின்றே போனது. பெயர் வரும் இடத்தை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லாமல் ஷெல் திகைத்துவிடும்.

பிறகு கடதாசியில் எழுதித் தந்தார். தேடினேன், அவன் இல்லை. கடதாசியைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். “நல்லது பிள்ளை. ஒருத்தற்றை லிஸ்ற்றிலையும் அவன் இருக்கக் கூடாது.”

இருக்கிறது

ஆயுதத்தோடு சிலர் அந்தப் பட்டியலைக் கேட்டு வரப்போவதாகத் தகவல் வந்தது. பிளொப்பித் தட்டில் பிரதி எடுத்து, பிரதி இருந்தால் மட்டும் மூலத்தை அழிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஓடி முடிந்தது. பிளொப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீடு போனேன். வழியில் மறித்தார்கள், ஆனால் சோதிக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துத் திறந்தால் கோப்பு வெறுமை. பிளொப்பியில் இடமில்லாமல் கோப்பின் பெயர் மட்டும் பதிந்திருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று கேட்க ஓர் எழுத்து, அதற்குள் ஏதும் இருக்கிறதா என்று கேட்க வேறோர் எழுத்து. நான் போட்டது முதலாவது. யோகன் அண்ணை கொப்பியும் பேனையுமாக முகாம்களுக்குத் திரும்பக் கிளம்பினார். என்னை ஏசவில்லை. “நீர் கேட்டதுக்கு அது சரியாத்தான் பதில் சொல்லியிருக்குது.”

இன்று யாராவது ‘எல்லாம் பத்திரமாக இருக்கிறது’ என்றால், திறந்து காட்டச் சொல்லிக் கேட்டு நான் சம்பாதித்த பகை கொஞ்சமல்ல.