மடிக்கிற போனுக்குள் ஒரு மிளகு

போன வருடம் ஆனி மாதம். மாத்தளை டவுனிலிருந்து எல்கடுவ போகிற வழியில் இருக்கிறது எங்கள் வீடு. முற்றம் முழுக்கப் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தோம். மிளகும் கராம்பும் வாங்கி விற்பதுதான் என் தொழில். சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோற்றில் மிளகு, படுக்கையில் மிளகு, தலை துவட்டினால் காதுக்குள்ளிருந்தும் ஒரு மிளகு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மடிக்கிற போன் வாங்கியிருந்தேன். பெட்டி மாதிரி மேலிருந்து கீழாக மடியுமே, அது. போன்தான் பாதியாக மடிகிறதே என்று விலையையும் பாதியாக மடித்துத்தான் மனைவியிடம் சொன்னேன்.

ஏன் வாங்கினேன் என்றால், கொழும்பில் மிளகு எடுக்கிற ஒரு பெரிய முதலாளி என் முன்னால் பேசி முடித்துவிட்டு அதை ‘டப்’ என்று ஒற்றைக் கையால் மூடினார். அந்த ‘டப்’பில் விழுந்துவிட்டேன். எல்லோரும் பேசுவதற்காகப் போன் வாங்குகிறார்கள். நான் பேச்சை முடிப்பதற்காக வாங்கினேன்.

டவுனில் அதை முதல் முறை வெளியே எடுத்தபோதே த்ரீவீல் ஓட்டுகிற தம்பி ஒருவன் கேட்டான்.

“என்ன மொதலாளி, போன் வாங்கினீங்களா, இல்ல வீட்டுல பவுடர் டப்பாவத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?”

சிரித்துக்கொண்டே ‘டப்’ என்று மூடினேன். அவனுக்கு அதுதான் பதில்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரைக்கு நடுவில் ஒரு மடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். விற்ற பையன், “தூசி மட்டும் படாமப் பாத்துக்குங்க அண்ணே” என்றான். மீன்காரனிடம் வாடை படாமல் பார்த்துக்கொள் என்றது போல. நல்லது என்று ஒன்று இருந்தது. பாதி மடித்து மேசையில் வைத்தால், யாரும் பிடிக்காமலே தானாக நிற்கும். நம் கை இரண்டும் சும்மா இருக்கும். அதனால் எனக்கென்ன லாபம் என்று அப்போது புரியவில்லை.

எனக்கு ஒரு தங்கை. பிறந்ததிலிருந்து காது கேட்காது, வாய் பேச்சும் இல்லை. சின்ன வயதில் காது கேளாத பிள்ளைகளுக்கான பாடசாலையில் தங்கிப் படித்தவள். எழுதவும் படிக்கவும் தெரியும். ஆனால் அவளுடைய பேச்சு என்பது கையில்தான். எங்களோடுதான் இருந்தாள், சட்டை ரவிக்கை எல்லாம் தைப்பாள். என் மனைவி கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கை பாஷையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் என்னைப் பற்றிப் பேச ஒரு வழி அவசரமாகத் தேவைப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்தது நாலே நாலு சைகை: சாப்பாடு, தூக்கம், காசு, அப்புறம் ‘வாயை மூடு’. வாயே திறக்காத பிள்ளையிடம் இதைக் காட்டிய ஒரே அண்ணன் நானாகத்தான் இருப்பேன்.

அவளைப் பெண் பார்க்க முன்னேயும் சிலர் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் என்னோடு பேசுவார்கள், நான் அவர்களோடு பேசுவேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வெறும் தட்டோடு உள்ளே போவாள். முடிவு பிறகு அவளுக்குச் சொல்லப்படும். இந்த முறை ஹட்டன் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையும் காது கேளாதவர், அச்சகத்தில் வேலை. சேதி தெரிந்ததும் தங்கை என் மனைவியிடம் கையால் ஏதோ விறுவிறுவென்று சொன்னாள்.

“அவருகூட அவளே பேசணுமாங்க. பேசாம முடிவு பண்ணினா, இனிமே இந்த வீட்டுக்கு மாப்பிளன்னு ஒருத்தரும் வர வேணாமாம்” என்றாள் மனைவி.

சரி என்றேன். ஆனால் எங்களுக்கு வெயில் கொளுத்தினால் ஹட்டனில் அடைமழை. அவர்கள் கிளம்புவதாகச் சொன்னபோதெல்லாம் எங்கேயோ ரோட்டில் மண் சரிந்தது. கடைசியில் முதலில் வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏற்பாடானது.

தங்கை தன்னுடைய போனைக் கொண்டுவந்தாள். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். கூடவே நூலும் பொத்தானும் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னும். டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசுவது அவள் வழக்கம்.

“அந்த ஒடஞ்ச போன உள்ள வைக்கச் சொல்லு. மாப்பிள வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?” என்றேன்.

நாம் எந்தப் போனிலிருந்து பேசுகிறோம் என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. மனைவிக்கு எட்டியது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

என் போனைப் பாதி மடித்து மேசையில் நிறுத்தினேன். நின்றது. தங்கை குனிந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முகம் சரியாகத் தெரியட்டும் என்று குனிந்து குனிந்து கோணம் பார்த்தேன். வாங்குகிறவர்களுக்குக் காட்ட என் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து மிளகு சாம்பிளாகக் கிடக்கும் என்பதை நான் நினைக்கவில்லை.

அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குக் கை பாஷை நன்றாக வரும். பின்னால் பெரியவர்கள். வணக்கம், மழை எப்படி, மிளகு விலை எப்படி என்று நாங்கள் கொஞ்சம் பேசினோம். பிறகு தங்கையும் மாப்பிள்ளையும் பேசத் தொடங்கினார்கள்.

அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார், இவள் சிரித்தாள். இவள் ஏதோ சொன்னாள், அங்கே அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்து வைத்தேன். அப்போது மாப்பிள்ளை முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். புருவம் மேலே போய் நின்றது. தங்கை பதில் சொல்ல இரண்டு கையையும் தூக்கினாள்.

படம் அப்படியே உறைந்தது. சிக்னல்.

“இரு இரு, திரும்ப எடுக்கிறேன்” என்று அவளுக்குக் கேட்காத குரலில் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் போனை மூடினேன். ‘டப்’ என்று கேட்கவில்லை. ‘நறுக்’ என்றது.

திறந்தேன். நடுவிலிருந்து மை கொட்டினது போல ஒரு கறுப்பு பரவியது, பச்சையாக ஒரு கோடு ஓடியது, அப்புறம் மொத்தமாக இருட்டு. மடிப்பில் ஒற்றை மிளகு உட்கார்ந்திருந்தது. போன் உடைந்துவிட்டது, மிளகு உடையவில்லை. அவ்வளவு நன்றாகக் காய்ந்த சரக்கு. யாவாரி என்ற முறையில் எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

நிமிர்ந்தால், தங்கையின் கைகள் இன்னும் அந்தரத்தில் நின்றன. அவள் மிளகைப் பார்க்கவில்லை. நான் போனை மூடியதைத்தான் பார்த்திருந்தாள். ஏன் மூடினாய் என்று அவள் கேட்டதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

அதற்குள் போன் அடித்தது. உள்ளே திரை செத்துப்போனாலும் வெளியே இருக்கிற குட்டித் திரை உயிரோடு இருந்தது. எடுத்தால் பேசலாம், அவ்வளவுதான். காது கேட்காத இரண்டு பேரைச் சேர்த்து வைக்க என் விலையுயர்ந்த போனில் மிச்சமிருந்தது சத்தம் ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அக்கா. “அண்ணே, கோவமா?”

“கோவமா? ஏங்க?”

“தம்பி கேட்டது ஒங்களுக்குப் பிடிக்கல போல. டக்குன்னு கட் பண்ணிட்டீங்க. இங்க எங்க மாமா எந்திரிச்சு, கெளம்புறேன்னு செருப்ப மாட்டிட்டாரு.”

“அய்யோ, அவரு என்ன கேட்டாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பாஷ எனக்கு வராது.”



“கூடப் பொறந்த தங்கச்சிதானே அண்ணே?”

“கொஞ்சம் தெரியும்ங்க. சாப்பாடு, தூக்கம், அந்த மாதிரி.”

“ஒனக்கு மனசார என்னயப் பிடிச்சிருக்கா, இல்ல அண்ணன் சொல்றாருன்னு சரிங்கிறியான்னு கேட்டான். அந்த நேரம் பாத்து நீங்க மூடிட்டீங்க.”

இதுவரைக்கும் வந்த எவரும் அவளிடம் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. கேட்ட ஒருத்தர் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் உண்மையோ கேவலமாக இருந்தது.

“போனுக்குள்ள மிளகு சிக்கிருச்சுங்க.”

“என்னா சிக்கிருச்சு?”

“மிளகு.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல். “மிளகா? சாக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயாமா அந்தாளுக்கு?”

“சத்தியமாங்க. இது மடிக்கிற போன். நான் மிளகு யாவாரி. நடுவுல ஒண்ணு கெடந்திருக்கு, பாக்காம மூடிட்டேன். போன் போச்சு. மிளகு நல்லா இருக்கு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அங்கே எல்லோருக்கும் அதைத் திரும்பச் சொன்னார். அந்த வீடே சிரிப்பது கேட்டது. “மாமா ஒக்காந்துட்டாரு அண்ணே” என்றார்.

திரும்பிப் பார்க்கிறேன், மனைவி ஏற்கெனவே தங்கைக்கு மிளகு விவகாரத்தைக் கையால் விளக்கி முடித்திருந்தாள். விரிசல் போன் பிஸ்கட் டின்னில் சாய்ந்து நின்றது. நான் அந்த நம்பரைச் சொன்னேன். அடுத்த நிமிடமே வீடியோ வந்தது.

“நீங்க கொஞ்சம் வெளிய போங்க” என்றாள் மனைவி.

முற்றத்தில் போய் மிளகைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த மிளகைத்தான் திரும்பத் திரும்பக் கிண்டினேன். ஜன்னல் வழியாக வளையல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது சரி என்கிற சத்தமா, வேண்டாம் என்கிற சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மனைவி வாசலுக்கு வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னா?”

“அவரு திரும்பவும் அதயே கேட்டாரு. அதுக்கு இவ, ‘எங்க அண்ணனுக்கு என் பாஷையே தெரியாது, அவரு எப்படி எனக்குச் சொல்லியிருப்பாரு?’ன்னு கேட்டா.”

“சரி, அப்புறம்?”

“அப்புறமென்ன, பிடிச்சிருக்காம். ஆனா தையல விட மாட்டாளாம். மெஷின ஹட்டனுக்கு யாரு தூக்கிட்டு வர்றதுன்னு இப்ப பேசிக்கிட்டிருக்காங்க.”

நானும் சிரித்தேன். ஊரையெல்லாம் கிண்டல் செய்கிறவன் நான். அன்றைக்கு என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட நகைச்சுவைதான் இதுவரைக்கும் நான் கேட்டதிலேயே சிறந்தது. அதை ரசிக்கக்கூட எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது.

தையில் கல்யாணம் நடந்தது. மெஷினைத் தூக்கியது நான்தான்.

மடிக்கிற போன் வாங்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால் நேர்மையாகவே சொல்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், கையில் காசும் மனதில் ஆசையும் இருந்தால் வாங்கலாம், தப்பில்லை. மேசையில் அது நிற்கிற அழகே தனி. மிளகு, மண், மாவு என்று புழங்குகிற ஆளுக்குச் சரிவராது. உள்திரை மாற்ற அவர்கள் கேட்ட விலைக்கு நல்ல போன் ஒன்றே வாங்கலாம் என்பதால் நான் மாற்றவில்லை. அது இப்போது என் கடை மேசையில் மணி காட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அந்த மிளகையும் வைத்திருந்தேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் அதைச் சாம்பிள் என்று நினைத்து, கடித்துப் பார்த்துவிட்டு, நல்ல காரம் என்று சொல்லிப் போய்விட்டார்.

தங்கை ஹட்டனிலிருந்து அடிக்கடி வீடியோவில் வருவாள். முன்பென்றால் நான் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பாடம் நடக்கிறது. வயிற்றின் முன்னால் ஒரு பெரிய வட்டம் போட்டால் அது நான்தான் என்பதை இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மச்சானும் அதையே போடுகிறார். கல்யாணமாகிப் போகும்போது தங்கை விட்டுவிட்டுப் போன பிஸ்கட் டின்னில் என் சாதாரணப் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் அவர்கள் முன்னால் உட்காருகிறேன், ஏனென்றால் தங்கையோடு பேச எனக்கும் இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.