நடுங்கும் கையில் தாக்கத்தி

முதலில் நித்திரை போனது. நான்காம் நாள், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ முதுகுக்குப் பின்னால் என் பெயரைச் சொன்னார்கள். திரும்பினேன். பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். உதவி ஆசிரியையும் ஆகியிருந்தேன். பரந்தன் சந்தியில் தனக்குத்தானே பேசித் திரியும் ஒருவரைக் கண்டால் வீதியின் மறுகரைக்குப் போய்விடுவேன். அடித்துவிடுவார் என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தேன். அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

குரல்கள் பெருகின. சோற்றில் நஞ்சு இருப்பதாக நம்பிச் சாப்பிட மறுத்தேன். கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலேற்றும்போது அண்ணை என் கைகளை மாட்டுக்கயிற்றால் கட்டினார். நான் யார்மீதும் கை ஓங்கியிருக்கவில்லை. ஓங்குவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். என் மணிக்கட்டிலுள்ள தழும்பு அந்தப் பயணத்தினுடையது.

டாக்குத்தர் அதைச் சித்தப்பிரமை (இல்லாத குரல் கேட்பதும், நடக்காததை நடந்ததாக நம்புவதுமான நோய்) என்றார். ஏழு மாதம் அங்கே இருந்தேன். ஒருத்தி மட்டும் சில நாட்களில் சாப்பாட்டுத் தட்டை எறிவாள். மற்றப் பெண்கள் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். அடிபட்ட காயத்தோடு வந்தவர்கள் பலர்.

மருந்தினால் குரல்கள் தணிந்தன. கை நடுங்கத் தொடங்கியது.

"இது மாத்திரையாலை வாற நடுக்கம்," என்றார் டாக்குத்தர். "வீட்டில கேட்டால் அப்பிடியே சொல்லுங்கோ."

வீடு திரும்பியபோது யாரும் கேட்கவில்லை. பூசணிக்காய் பக்கத்து வீட்டிலிருந்து வெட்டியே வந்தது.

"கத்தி எங்கையம்மா?"

"சாணை பிடிக்கக் குடுத்தது."

"எல்லாத்தையுமோ?"

அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினார்.

மாசியில் அரிவு வெட்டு (நெல் அறுவடை) வந்தது. எங்கள் குடியேற்றத்தில் வீட்டுக்கு ஒருவர் மற்றவர்களின் வயலில் இறங்க வேண்டும். இறங்காத வீட்டு வயலுக்கு யாரும் வரமாட்டார்கள். அண்ணை காய்ச்சலில் கிடந்தார். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். நான் போகாவிட்டால் எங்கள் நெல் வயலிலேயே கொட்டிப்போகும். அம்மா தாக்கத்தியை (நெல் அறுக்கும் கத்தி) எடுத்து வந்தார். என் கையில் தரவில்லை; வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

முதல் வயல் அன்னம்மா அக்காவுடையது. அவர் என் கையையே பார்த்தார்.

"பிள்ளை, நீ தேத்தண்ணி ஊத்து. கை நடுங்குது, கோபம் ஏறுது போலக் கிடக்கு."

"கோபமில்லை அக்கா. மாத்திரையாலை."

"படிச்ச வாயெல்லே, எல்லாத்துக்கும் விளக்கம் வைச்சிருக்கும்," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

நான் ஓரத்து நிரையில் இறங்கினேன்.

முந்தி வரம்பைத் தொட்டவர்கள் திரும்பி, பிந்தியவரின் நிரைக்குள் எதிரே வெட்டி வருவது எங்கள் வழக்கம். அன்று எனக்கெதிரே யாரும் வரவில்லை. வரம்பில் நின்று பார்த்தார்கள். கத்தியோடு என்னை நேருக்கு நேர் சந்திக்க ஒருவருக்கும் மனமில்லை. இரண்டாம் நாளும் தனியேதான் முடித்தேன். அழுகை வந்தது; அதை அவர்களுக்குக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கதிர்களுக்கு அப்பால் சரசரப்புக் கேட்டது. நோய்தான் திரும்பிவிட்டதோ என்று பயந்து நிமிர்ந்தேன். அன்னம்மா அக்கா குனிந்து வெட்டி வந்துகொண்டிருந்தார். இரண்டு தாக்கத்திகளுக்கும் இடையில் ஒரு முழம் நெல்தான் நின்றது. அவருடைய கையும் நடுங்கியது.

"உனக்கு மாத்திரை, எனக்குப் பயம்," என்றார். "கெதியா வெட்டு பிள்ளை, முதுகு முறியுது."

இந்த நோயோடு வீடு திரும்பியவர்களுக்கு இதை எழுதுகிறேன். எல்லோரும் திரும்பி வெட்டி வரவில்லை. அவர் ஒருவர்தான் வந்தார். என் கை இன்னும் நடுங்குகிறது. முன்பு அரை நாளில் வெட்டிய நிரைக்கு இப்போது முழு நாள் வேண்டும். யார் வரம்பில் நின்று பார்த்தாலும் அந்த முழு நாளையும் எடுத்துக்கொள்கிறேன்.